பின் சீட்டு இல்லாத கார்

எங்கள் வீட்டில் பேச்சு உருது. ஆனால் கோபம் வந்துவிட்டால் என் வாயில் தமிழ்தான் வரும். நான் பிறந்தது பென்னாகரம். தெரு முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். சண்டை போடக் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான், அதையும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரரோடு நான் பேசியதில் முக்கால்வாசி தமிழ் என்று சொன்னால், எங்கள் குடித்தனம் எப்படி நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் பெயர் நூர் பாஷா. பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை என்று மகள் பரிதா சொன்னாள், அதனால் எழுதுகிறேன். டிரைவர் வேலை. தருமபுரியில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த மாதப்பன் முதலாளியிடம் கார் ஓட்டினார். தருமபுரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே அங்கே சேர்ந்தவர். ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தபோதும் அதே கருப்பு அம்பாசிடர், தனி மாவட்டமாகிக் கலெக்டர் ஆபீஸ் வந்தபோதும் அதே அம்பாசிடர்.

முதலாளி கெட்டவர் இல்லை. ரம்ஜானுக்குக் குழந்தைகளுக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுப்பார். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் ஆள் அனுப்பி விசாரிப்பார். ஆனால் காரில் ஏறிப் பின் சீட்டில் சாய்ந்ததும் அந்த மனுசனுக்கு என்னவோ ஆகிவிடும். "டேய் பாஷா, மெதுவா போடா." "ஆரன் அடிடா." "எதுக்குடா இப்ப ஆரன் அடிக்கிற?" "மாடு வருது பாரு, மாடு." அந்த மாடு எங்கேயோ வயலுக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்காரரின் பதில் ஒன்றுதான்: "சரிங்க முதலாளி."

அந்தச் 'சரிங்க' வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எதிரே நின்று பேசினால் ஒன்றுமில்லை, மனுசன் சாதாரணமாகப் பேசுவார். முதுகுக்குப் பின்னால் இருந்து யார் கூப்பிட்டாலும் போச்சு. பரிதா சின்னவளாக இருந்தபோது வேண்டுமென்றே பின்னால் போய் நின்று, "அப்பா, தண்ணி குடு" என்பாள். அவர் திரும்பாமலே "சரிங்க" என்று எழுந்துவிடுவார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது யோசித்ததில்லை.

முதலாளி வீட்டுக் கொட்டகையில் இன்னொரு காரும் இருந்தது. சிவப்பு. முதலாளியின் மகன், எல்லாரும் சின்னவர் என்று சொல்வோம், ஏற்காட்டை விட்டுச் சீமைக்குப் போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணி டாப்பு, அதையும் மடித்துவிட்டால் வானம்தான். சின்னவர் பெங்களூரில் இருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் பக்கம் பறப்பார். முதலாளி அதில் கால் வைத்ததே இல்லை. "அது காரா? குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குது" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கழுவி, பெட்ரோல் போட்டு, இண்டூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிக்கொண்டு வந்து தயாராக நிறுத்துவது எங்கள் வீட்டுக்காரர் வேலை. வாரம் முழுக்க வாடிக் கிடக்கிற முகம் சனிக்கிழமை மட்டும் தெளிந்திருக்கும்.

எழுபத்திரண்டாம் வருசம் என்று நினைக்கிறேன், முதலாளி மில்லை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போவதென்று முடிவு செய்தார். ஏரியூரில் இருந்த நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாஷா, எனக்கு இத்தன வருசம் ஒழச்சிருக்க. ரெண்டு வண்டியில உனக்கு எது வேணுமோ எடுத்துக்க. வெள்ளிக்கிழம வந்து சாவிய வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார்.

அல்லாவே நேரில் வந்து கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. வேலை போகிறதே, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அம்பாசிடரை வாங்கி, மேலே மஞ்சள் அடித்து, டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். கல்யாணத்துக்கு வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், சந்தைக்கு வருவார்கள். யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நான் மனசுக்குள் டாக்சியே ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "செவப்பு வண்டிய எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். உருது பறந்துவிட்டது.

"என்னாது?"

"செவப்பு வண்டிய."

"அதுல எவன் வருவான் டாக்சிக்கு? மாப்பிளைய ஏத்திக்கிட்டு பொண்ண ரோட்டுல வுட்டுட்டு வருவீங்களா? நம்ம வூட்டுலயே அஞ்சு பேரு. மூணு புள்ளைங்கள எங்க வெப்பீங்க, டாப்பு மேலயா?"

"நான் எங்கனா லாரிக்குப் போறேன். வண்டி வூட்டுல நிக்கட்டும். வாரத்துக்கு ஒருக்கா எடுப்பேன்."

"வாரத்துக்கு ஒருக்கா எடுக்கறதுக்கு வண்டி! நல்லா இருக்குதே நாயம்! மிச்ச நாளு அதுல கோழி அடைக்கலாமா?"

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. திருப்பித் திட்டினால் சண்டை முடியும். இந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார், நான் மட்டும் கத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "வஹிதா, செத்த மெதுவா. என் எரும மெரளுது" என்றாள். அவளுக்கும் நாலு வார்த்தை கொடுத்தேன்.

நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை. சாவி வாங்குகிற வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், சிவப்பு வண்டி எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. தெருப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. அவர் இறங்கி வந்து, "ஒரே ஒரு தடவ வந்து ஒக்காந்து பாரு. அப்புறம் நீ சொல்றத கேக்கறேன்" என்றார்.

மேலே மூடாத வண்டி. கடைத்தெரு முழுக்கப் பார்க்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் குதிரைவண்டியில் போனாலே சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு போகிற காலம். வரமாட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. புர்காவைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு, பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்கினேன். தரையோடு தரையாக இருந்தது சீட்டு.

ஊரைத் தாண்டுகிறவரை மானம் போயிற்று. காற்று புர்காவுக்குள் புகுந்து பலூன் மாதிரி உப்பவைத்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டே போய்ச் சாக்கடையில் விட்டான். ஊரைத் தாண்டிப் புளியமரங்கள் வந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். இத்தனை வருசத்தில் அவர் வண்டி ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முதலாளியின் வண்டியில் இவர் குடும்பத்தை ஏற்ற மாட்டார், பிடிவாதக்காரர்.

"இந்தக் கண்ணாடிய பாரு" என்றார். பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி. "என்னா தெரியுது?"

"ரோடு."

"ரோடு மட்டும்தான். அந்த வண்டியில இதுல எப்பவும் மொதலாளி கண்ணு இருக்கும். இத்தன வருசமா என் முதுகுல ரெண்டு கண்ணு, காதுல ஒரு வாயி. இதுல பின் சீட்டே இல்ல வஹிதா. பின்னால இருந்து யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. டாக்சி ஓட்டுனா என்னா ஆவும்? ஒரு மொதலாளி போயி தெனம் பத்து மொதலாளி. எனக்கு வாயத் தொறந்தா சரிங்க, சரிங்கன்னுதான் வருது. என்னிக்காவது ஒரு நாளு அத சொல்லாம வண்டி ஓட்டணும். அவ்ளோதான்."

எனக்குப் பரிதாவின் தண்ணீர் விளையாட்டு ஞாபகம் வந்தது. ஆனாலும் அரிசிப்பானை அரிசிப்பானைதானே? இந்த மனுசனுக்குச் சிவப்பு வண்டியைக் கொடுத்துவிடு என்று ஒரு மனசு சொல்கிறது, மூன்று பிள்ளைகளின் வாயை நினைத்துப் பார் என்று இன்னொரு மனசு சொல்கிறது. நான் புர்காவை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

இண்டூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் ரோட்டின் நடுவில் வந்து இரண்டு கையையும் தூக்கி நின்றாள். செல்லி. எனக்குத் தெரிந்தவள்தான், எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருவாள். இடுப்பில் பையன், அழுது அழுது குரலே போயிருந்தது. அவன் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "தேளு கொட்டிட்ச்சிங்க பாய், கருந்தேளு. பஸ்ஸு போயிட்ச்சி. பெரியாஸ்பத்திரிக்கி வுட்டுடுங்க பாய், உங்களுக்குப் புண்ணியமா போவுது."

வண்டியில் இரண்டு சீட்டு. ஒன்றில் ஓட்டுகிறவர். இன்னொன்றில் நான். பின்னால் ஒரு கூடை வைக்கக்கூட இடமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். "ஏறு செல்லி. சீக்கிரம் போங்க. என்னப் பத்தி நெனக்காதீங்க, போங்க!"

போய்விட்டார்கள். நான் அத்துவான ரோட்டில், புளியமரத்தடியில், கருப்புப் புர்காவில் ஒற்றையாக நின்றேன். போகிற வண்டிக்காரன் எல்லாம் மாட்டை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான். ஒருவன் பேயென்று நினைத்துக் கும்பிட்டான் என்று பிறகு நான் சொல்வதுண்டு, அது கொஞ்சம் சேர்த்துச் சொன்னது. பயமாகத்தான் இருந்தது. அதைவிட அந்தப் பையன் பிழைக்க வேண்டுமே என்றிருந்தது. எனக்குத் தெரிந்த துவா எல்லாவற்றையும் ஓதிக்கொண்டு நின்றேன்.

இருட்டும் முன் வந்துவிட்டார். தூரத்தில் இருந்தே கையை ஆட்டினார். "ஊசி போட்டாங்க. பொழச்சிக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் வண்டியை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். 

"உன்ன வுட்டுட்டுப் போனேன் பாரு, அங்க போயி இங்க வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல" என்றார். "பொண்டாட்டிய நடு ரோட்டுல எறக்கி வுட்டுட்டுப் போற வண்டி நமக்கு எதுக்கு?"

 என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அது ஒன்று.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கருப்பு வண்டியோடு வந்தார். கோவிந்தம்மாள் ஓடிவந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பாய் வீட்டு வண்டிக்கு எதுக்கடி எலுமிச்சம்பழம் என்று யாரோ கேட்டதற்கு, "சக்கரம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது. பிள்ளைகள் பின் சீட்டில் ஏறிக் குதித்தன. அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை.

டாக்சி நன்றாக ஓடியது. வீட்டில் குறை இல்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. "யோவ் டிரைவர், மெதுவா போ." "ஏம்ப்பா, வேகமா போவ மாட்டியா?" கல்யாண வீட்டுக் கும்பல் ஏறினால் பின்னால் இருந்து நாலு வாய் ஒரே நேரத்தில் சொல்லும். அவர் எல்லாருக்கும் சரிங்க சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுப்பார். சொந்த வண்டி, சொந்தப் பெட்ரோல், ஆனாலும் அதே சரிங்க. சனிக்கிழமைகூட அந்த முகத்தில் வெளிச்சம் இல்லை. நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு மனுசன் உள்ளுக்குள் கருகுகிறாரே என்று எனக்கு அடித்துக்கொள்ளும். என்ன செய்வதென்று தெரியாததால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டினேன்.

இரண்டு வருசம் போனது. பென்னாகரத்தில் என் அக்கா ஷகிலாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக வண்டியை எடுத்தார். ஸ்டாண்டைத் தாண்டும்போது, "டேய் பாஷா!" என்று ஒரு குரல். மாதப்பன் முதலாளி. ரயிலை விட்டு இறங்கிக் கையில் பையோடு நிற்கிறார். ஏரியூர் நிலத்தைப் பார்க்கப் போகிறாராம். கொஞ்சம் இளைத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் இறங்கி முன் சீட்டுக்கு வந்தேன். வேற்று ஆம்பிளையோடு ஒரே சீட்டில் எப்படி உட்காருவது? முதலாளியும் அதை அறிந்தவர், நான் இடம் மாறுகிறவரை அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

பின் சீட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். இரண்டு வருசம் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"டேய், மெதுவா போடா. ஆரன் அடி. ஏன்டா பள்ளத்துல வுடற? இந்த வண்டிய என்னாடா பண்ணி வெச்சிருக்க, கடகடங்குது? சைடு குடுடா அவனுக்கு."

"சரிங்க முதலாளி. சரிங்க. சரிங்க."

அன்றைக்குத்தான் அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு 'சரிங்க'வுக்கும் அவர் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோளுக்குள் போனது. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் முதலாளி என்றும் பார்க்காமல் கொட்டிவிடுவேன். உப்பைத் தின்ற வீடாயிற்றே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். திடீரென்று ஒரு யோசனை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"என்னாங்க, வண்டிய நிறுத்துங்க. எனக்கு முன்னாடி காத்து ஒத்துக்கல. தல சுத்துது. நான் பின்னாடி போயி சாஞ்சுக்கறேன்."

எனக்குத் தலையும் சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. அவர் பதறிப்போய் நிறுத்தினார். நான் இறங்கிப் பின் கதவருகே போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி என்ன செய்வார்? நான் ஏறினால் அவர் இறங்கித்தானே ஆக வேண்டும்! "ஐயோ, நீ வாம்மா, நீ சாஞ்சுக்க. நான் முன்னாடி போறேன்" என்று இறங்கிவிட்டார். மரியாதை தெரிந்த மனுசன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் பின்னால் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன்.

வண்டி கிளம்பியது. எதிரே ஒரு பஸ் புளியமரத்தை உரசிக்கொண்டு வந்தது. முதலாளி இரண்டு காலையும் தரையில் ஊன்றி அழுத்தினார். அங்கே ஏது பிரேக்?

"பாஷா! ஏன் பாஷா, பஸ்ஸு இவ்ளோ கிட்டயா வருவான்?"

"எப்பவும் இப்படித்தாங்க வருவான்."

"பின்னாடி இருந்தா தெரியலியேப்பா."

அடுத்து ஒரு கரும்பு வண்டி, அதைத் தாண்டினால் ஒரு லாரி. முதலாளி கதவுப் பிடியை விடவே இல்லை. வாயில் இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. செல்லி கைகாட்டிய இடம் தாண்டியது. இண்டூரும் தாண்டியது. எங்கள் வீட்டுக்காரர் கழுத்து மெல்ல மெல்ல வெளியே வந்ததை நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி, "அந்தச் செவப்பு வண்டிய நீ எடுத்துக்குவன்னு சின்னவன் சொல்லிட்டிருந்தான். ஏன் வேணாம்னுட்ட?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல அதுக்குத்தாங்க ஆசப்பட்டேன். அதுல பின் சீட்டு இல்லீங்க முதலாளி. பின்னாடி இருந்து யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு."

 அல்லா, என்ன சொல்லிவிட்டார் இந்த மனுசன்! முதலாளி ஒரு கல் தூரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற மாதிரி சிரித்தார். "அவ்ளோ தொல்ல குடுத்தனாடா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "சொல்ல வரலீங்க" என்றார் இவர். அவரும் சிரித்தார். இத்தனை வருசம் முதலாளி முன்னால் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ரோடு காலியாக இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் அவர் வண்டியை விரட்டினார். ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. ஒரு திருப்பம் வந்தது, அதில் ஒரு கன்றுக்குட்டி. என்னை அறியாமல் என் வாய் திறந்துவிட்டது:

"மெதுவா போங்க! ஆரன் அடிங்க!"

 முதலாளி திரும்பி எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், என்ன சொல்லப் போகிறார் என்று. கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் இருந்து வந்த குரலாயிற்றே, அந்த வார்த்தைதான் வரும்.

"சும்மா வா!" என்றார்.

முதலாளி மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு நான் பென்னாகரம் வரைக்கும் தமிழிலேயே பேசியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. முகத்தை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று, அழுதது யாருக்கும் தெரியவில்லை.